கால்வழி பார்க்க வந்தவர்

கால்வழி என்ற சொல்லை அன்று நான் வாயில் எடுக்காமல் இருந்திருந்தால் இதில் பாதி நடந்தே இருக்காது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில், ஒரு கூரைப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருத்திதான் வாத்தியாரம்மா. மலைக் காய்ச்சலுக்குப் பயந்து ஆண் வாத்தியார்கள் யாரும் ஏற்க முன்வராத வேலை அது. பதினாலு வயதில் தாலியறுத்தவளுக்குக் காய்ச்சல் என்ன பெரிய பூச்சாண்டி? கீழே என் அப்பா வீட்டில் மூலையில் உட்கார்ந்து, போன ஜன்மத்தில் என்ன பாவம் பண்ணினாளோ என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்வதைக் கேட்பதைவிட மலை ஏறுவது சுலபமாகத்தான் இருந்தது.

பேராசிரியர் வந்தது ஒரு தை மாதம். உலகப் போர் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. மலை முழுக்க மிளகு பறிப்பு. பிள்ளைகளெல்லாம் ஏணியும் கூடையுமாகக் கொடிகளோடு இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. அவர் வடக்கே ஏதோ ஒரு பெரிய கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவர், வங்காளி. ஆள் கறுப்பு, கட்டை. ஆனால் அரைக்கால் சட்டையும் தக்கைத் தொப்பியும் போட்டிருந்ததால் ஜனங்கள் அவரைத் துரை என்றார்கள். கீழிருந்து கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளருக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் கண்டு, டோலியில் வைத்து இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று கேள்விப்பட்டு, என் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

என் ஊராக இருந்தால் அந்த ஒரு காட்சியையே ஊர் வாய் மூன்று தலைமுறைக்கு மென்றிருக்கும். மலையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குள் அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது சகஜம். நான் ஏன் இன்னும் ஒருவனைக் கட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் அவர்களுக்குப் புரியாத விஷயம். பக்கத்து வீட்டுக்காரி அதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவாள். அவளுக்கும் என் வயதுதான். நான் மலைக்கு வந்த முதல் மாதத்தில் சாமை குத்தவும் மரவள்ளிக் கிழங்கை உரிக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்து, நான் செய்வதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள். இந்த மலையில் எனக்கு என்று இருந்த ஒரே சிநேகிதி.

பேராசிரியரிடம் பளபளவென்று ஒரு இரும்புக் கருவி இருந்தது. இடுக்கி மாதிரி இரண்டு கால், நடுவே அளவுகோல். அதைக் கம்பளித் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு அலைவார். மண்டையின் அகலம், மூக்கின் நீளம், மூக்கின் அகலம் என்று அவர் அளந்து சொல்ல, நான் நோட்டில் எழுத வேண்டும். ஜனங்கள் அதற்குக் கவை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிளை பிரிந்த கம்பை அவர்கள் அப்படித்தான் சொல்வது.

துரை எதுக்கு வந்திருக்காருங்க என்று ஊர்க்கவுண்டர் முதல் நாள் என்னைக் கேட்டார். நான் பயிற்சிப் பள்ளியில் தமிழில் முதலாவதாகத் தேறியவள். அந்தக் கொழுப்பு சும்மா இருக்குமா? முன்னோர், வம்சம் என்று எல்லோருக்கும் தெரிந்த சொற்களை விட்டுவிட்டு, “உங்கள் கால்வழியை அறிய வந்திருக்கிறார்” என்றேன்.

கவுண்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ரொம்ப சந்தோசமுங்க, எங்கப்பன் காலத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கறோம் என்றார். என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால், முப்பது நாற்பது ஆண்கள் கொடுவாளோடு வந்து மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் புதரை வெட்டிச் சுத்தமாக்கி வைத்திருந்தார்கள். பேராசிரியரை நடுவில் விட்டு மூன்று மணி நேரம் நடத்திக் காட்டினார்கள். இந்த இடத்தில் மழைக்கு வழுக்கும், இங்கே சுமைகாரன் விழுந்தான், இங்கே ஒரு பாலம் வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர்கள் மலை ஏறி வந்ததாக அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. அந்த முன்னோர் ஏறிய தடத்தைத்தான் காட்டுகிறார்கள் என்று நினைத்து, அவரும் வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் வரைந்துகொண்டார். இரண்டு தரப்புக்கும் பரம திருப்தி. திரும்பி வரும்போது ஒரு கிழவர், ரோடு எப்ப போடுவாங்க என்று கேட்ட பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. மலையில் நடந்தே சாகிறவர்களுக்குக் கால்வழி என்றால் காலால் நடக்கும் வழிதான், வேறு என்ன?

தலையில் அடித்துக்கொண்டு அன்று மாலையே போய்க் கவுண்டரிடம் விளக்கினேன். நடக்கிற வழி இல்லை, யார் யாருக்குப் பிறந்தார்கள், அவர்கள் யாருக்குப் பிறந்தார்கள் என்று பின்னோக்கிப் போகிற வழி என்றேன். ரோடு கையை விட்டுப் போன ஏமாற்றம் கவுண்டர் முகத்தில் தெரிந்தது. பிறகு, “அப்ப அந்தக் கவைய வெச்சா யாருக்கு யாரு பொறந்தாங்கன்னு தெரிஞ்சு போயிருமுங்களா?” என்றார்.

எனக்குக் கால் வலி. பசி வேறு. கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கிட்டத்தட்ட என்ற சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆறு வாரத்தைப்போல என் வாழ்க்கையில் இன்னொரு ஆறு வாரம் வரவில்லை. பகலெல்லாம் அளப்போம். வெயில் சாய்ந்ததும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சை வெளியே போட்டு உட்கார்ந்து அவர் பேசுவார். சருகு போலவே இருக்கும் ஒரு பூச்சியைக் கையில் ஏந்தி, சருகு மாதிரி இல்லாத இதன் சகோதரர்களையெல்லாம் குருவி தின்றுவிட்டது, இது தப்பிக் குஞ்சு பொரித்தது, அவ்வளவுதான் ரகசியம் என்பார். யாரும் உட்கார்ந்து செதுக்கவில்லை. கோடிக்கணக்கான வருஷம் தப்பியதும் மாண்டதும் சேர்ந்து செதுக்கியது. புல்லும் புழுவும் நாமும் ஒரே மரத்தின் கிளைகள். சுற்றிலும் மிளகு காயும் வாசம். எனக்கு இப்போதும் எங்கேயாவது பச்சை மிளகு வாசம் அடித்தால் படிக்க வேண்டும் என்று ஆசை வருகிறது.

மிளகு காயவைத்த கையோடு ஜனங்களும் வந்து சுற்றி உட்காருவார்கள். மனுசனும் குரங்கும் ஒரே பாட்டனுக்குப் பிறந்தவர்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று திணறி, குரங்கு நமக்குப் பங்காளி என்று சொல்லிவைத்தேன். அடிதடி ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கோபப்படவில்லை. “அதானுங்களா பலாப்பழத்துல வந்து பங்கு கேக்குது” என்று ஒருவர் சொல்ல, பேராசிரியர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்த விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட வகுப்பு தனக்குக் கல்லூரியில் வாய்த்ததில்லை என்றார். இதையெல்லாம் எழுதியதற்கு என் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. மச்சம், கூர்மம், வராகம் என்று நம்முடைய பெரியவர்கள் எப்போதோ வரிசையாகச் சொல்லிவைத்ததுதானே, இதைச் சீமைக்காரன் ஒருத்தன் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமா என்று. மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு மலை ஏறும் பாதிரியாரோ, இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே அம்மா என்று கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டுக்கொண்டார். ஒருவர் எங்களுடையது என்றார், ஒருவர் கூடவே கூடாது என்றார். என்னவென்று கேட்டவர்கள் மிளகு காயவைத்தவர்கள்தான்.

ஒரு நாள் நான் துணிந்து அவரிடம் கேட்டேன். யாரும் உட்கார்ந்து செதுக்கவில்லை என்றால், என் கணவர் காலராவில் போனாரே, அதை யார் தீர்மானித்தது? அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். காலராக் கிருமிக்கு உங்கள் ஜாதகம் தெரியாது அம்மா, அதற்குத் தண்ணீர்தான் தெரியும் என்றார். பிறகு, இந்த மலையில் இத்தனை நெற்றியை அளந்துவிட்டேன், ஒன்றில்கூட எழுத்தைக் காணோம் என்றார். நான் உள்ளே போய் அழுதேன். துக்கத்தில் இல்லை. ஒன்பது வருஷமாகத் தலையில் வைத்துச் சுமந்த பாவ மூட்டையை ஒரு அந்நிய மனிதர் இறக்கிக் கீழே வைத்துவிட்டார்.

அதே மனிதர்தான் மூக்கை அளந்து ஜனங்களைப் படிக்கட்டில் மேலே கீழே நிறுத்தலாம் என்றும் நம்பினார். அந்தக் காலத்தில் பெரிய பெரிய படிப்பாளிகள் நம்பியதுதான். பிற்பாடு அவர்களே வெட்கப்பட்டுத் தூக்கி எறிந்தார்கள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அவர் சொன்ன எல்லாமே வேதம் என்று இருந்தேன்.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பக்கத்து வீட்டுச் சிநேகிதி மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அது அவளுக்கு முதல் குழந்தை, பெண். செக்கச் சிவந்த நிறம், பூனைக்கண். அவர்கள் வீட்டில் யாருக்கும் அப்படிக் கண் கிடையாது. போன வருஷத் தையில் அவள் மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போனவள், காய்ச்சல் வந்து அடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் பத்து நாள் படுத்துவிட்டாள். அந்தப் பத்து நாளையும் இந்தக் கண்ணையும் முடிச்சுப் போட்டுக் கணவனின் அண்ணன் பேச ஆரம்பித்திருந்தான். வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். கணவன் நல்லவன், ஆனால் வாயில்லாப் பூச்சி. நாளைக்கு ஊர் கூடும்போது துரையின் கவையை வைத்துக் குழந்தையை அளக்க வேண்டும், இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று வந்தால் தாயும் பிள்ளையும் வெளியே போக வேண்டும் என்று அண்ணன் கவுண்டரிடம் சொல்லிவிட்டான்.

“வாத்தியாரம்மா, அந்தக் கவை நெசந்தான் சொல்லுமுங்களா?” என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன். “நெசம் சொல்லும்னா எனக்குப் பயமில்லீங்க” என்றாள்.

அந்த இரும்புக்கு ஒன்றுமே சொல்லத் தெரியாது என்பதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. பேராசிரியருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரேயடியாக மறுத்தார். அளக்காவிட்டால் அதையே அவளுக்கு எதிராகத் திருப்புவார்கள் என்று நான் கெஞ்சிய பிறகு சம்மதித்தார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மூக்கில் கருவியை வைத்தார். அடுத்து அப்பனை அளந்தார். எண்களை நான் எழுதினேன். பிறகு அவர் என்னைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொன்றாக விளக்கினார். இந்தக் கருவி தகப்பன் யார் என்று ஒருநாளும் சொல்லாது. பச்சைக் குழந்தையின் மூக்கு வளர வளர மாறும். கண்ணின் நிறம் ஒரு வம்சத்தில் இரண்டு மூன்று தலைமுறை ஒளிந்திருந்துவிட்டுத் திடீரென்று வெளியே வரும். ஆகவே இந்தப் பெண்ணைச் சந்தேகிக்க எந்த முகாந்திரமும் இல்லை. அத்தனையையும் அவர் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அண்ணன்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கருவிக்குத் தெரியாது என்று நான் தொடங்கினால், மிச்சத்தை அவன் முடித்துவிடுவான். நான் அவர்கள் பேச்சிலேயே சொன்னேன்: “கவை சொல்லிருச்சுங்க. புள்ள இந்த ஊட்டுப் புள்ளதான்.”

கவுண்டர் தலையாட்டினார். கூட்டம் கலைந்தது. சிநேகிதி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். என்ன சொன்னார்கள் என்று பேராசிரியர் கேட்டார். உங்கள் விளக்கத்தை ஒப்புக்கொண்டார்கள் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைப் பொறுமையாகச் சொன்னால் யாருக்கும் புரியும், பார்த்தீர்களா என்றார். ஊருக்கு ஒரு பொய், அவருக்கு ஒரு பொய். பத்து நாளில் அவர் புறப்பட்டபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு ஆண் என் கையைத் தொட்டது அதுதான். மூட்டைகள் வளைவில் மறையும் வரை நின்று பார்த்தேன். நிஜத்தைச் சொல்லிவிடலாமா என்று நாலு தடவை வாய் திறந்து மூடினேன்.

இரண்டு வருஷம் போயிற்று. ஒருத்தியின் குடும்பத்தைக் காப்பாற்றியவள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். குழந்தை என் பள்ளிக்கூடத்திலேயே தவழ்ந்து, அங்கேயே நடந்து பழகியது. அப்புறம் ஒரு நாள் காலையில் மலையின் இன்னொரு பக்கத்து ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒரு கிழவரும் அவர் மகனும் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்கள். பின்னால் பத்தடி தள்ளி, துணியில் சுற்றிய கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த மகனின் பெண்டாட்டி. கிழவர் மடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் வாட்டி வளைத்துச் செய்த கவை. நடுவில் அளவுக்குக் கத்தியால் கீறிய கோடுகள்கூட இருந்தன.

தாங்களே அளந்து பார்த்தார்களாம். அப்பன் மூக்கும் பிள்ளை மூக்கும் ஒத்துவரவில்லை. அவளை அவள் அப்பன் வீட்டில் கொண்டுபோய் விடுகிற வழியில், படித்தவள் வாயாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார்கள். நான் படபடவென்று பேசினேன். இது ஒன்றும் சொல்லாது, எந்தக் கவையும் சொல்லாது, மூக்குக்கும் தகப்பனுக்கும் சம்பந்தமில்லை என்றேன். கிழவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அன்னைக்கு மட்டும் எப்படிங்க சொல்லிச்சு? நீங்கதானுங்களே படிச்சுச் சொன்னீங்க” என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன். அதைச் சொன்னால் இந்தச் சின்னப் பெண் பிழைப்பாள். ஆனால் பேச்சுச் சத்தம் கேட்டு என் சிநேகிதி வந்து நின்றிருந்தாள். அவள் கணவனும், கணவனின் அண்ணனும் மிளகுக் கொடிக்குப் போகிற வழியில் நின்றுவிட்டார்கள். பூனைக்கண் குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் அந்தக் குழந்தையின் வீடு போய்விடும். எல்லோரும் பார்க்க, வாயடைத்து நின்றேன். கிழவர் கவையை மடியில் செருகிக்கொண்டு திரும்பினார்.

“நில்லுங்க” என்றாள் என் சிநேகிதி. “அன்னைக்குக் கவை ஒண்ணும் சொல்லலீங்க. துரை அத்தன நேரம் பேசுனாரு, வாத்தியாரம்மா ஒரு வார்த்ததான் சொன்னாங்க. அப்பவே எனக்குத் தெரியுமுங்க. எம்மேல இரக்கப்பட்டுச் சொன்னது அது. அத நம்பி இந்தப் புள்ளய அனுப்பிராதீங்க.”

கணவனின் அண்ணன் அவளைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தான். கணவன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அன்று அவன் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் சேலையிலிருந்து குழந்தையின் விரல்களைப் பிரித்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

“நான் கவைய நம்பியாண்ணா இத்தன நாளா வளத்தேன்?” என்றான். அவ்வளவுதான். குழந்தையோடு மிளகுக் கொடிப் பக்கம் நடந்தான். அண்ணன் கீழே கிடந்த கொடுவாளை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனான்.

ஆலத்தூர்க்காரர்கள் அந்தச் சின்னப் பெண்ணைத் தங்கள் ஊர்ப் பக்கமே திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போகவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் அத்தனை நாளும் என்னைக் காப்பாற்றி வைத்திருந்தாள். காட்டிக்கொடுக்க வேண்டிய நேரம் வந்தபோது, தன் வீடு போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டாள். உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“இருந்துச்சுங்க” என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. அதை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வந்து சேரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.